தேடி வராத காலு

அய்யே, இல்ல சார். புள்ள நெஞ்சுல நம்பரு குத்தியிருக்குதேன்னு கேக்கறீங்களா? இது பந்தயத்துல ஓடல. இதுக்கு ஒரு கொறையும் கெடயாது. ரெண்டு காலு, ரெண்டு கையி, கண்ணு, காது எல்லாம் சரியா இருக்குது. வாயி மட்டும்தான் ஊர்ப்பட்டது. இப்ப தூங்குது, அதனால உங்களுக்குத் தெரியல.

நீங்க ஜன்னலாண்ட தள்ளிக் குந்துங்க. நான் இந்த ஓரத்துலயே இருந்துக்கறன், கால நீட்ட தோதா இருக்கும். மங்கலத்துல கூட்டம் ஏறும், அப்பறம் மூச்சு வுட முடியாது. சாரு எதுவரைக்கும்? பாகூரா. பேங்குக்கு மாத்தலாகி வர்றீங்களா. மதுரப் பக்கமா ஊரு? பேச்ச கேட்டதும் நெனச்சன். நான் செலியமேடு சார், பாகூருக்கு மின்ன எறங்கணும். அரங்கநாதன்னு பேரு. கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல்லு. இது எம்பொண்ணு ஆண்டாளு. ரெண்டாவது படிக்குது. படிக்குதுன்னு சொல்லிக்கறம், அவ்ளோதான்.

நம்பரு கதைய கேட்டா சிரிப்பீங்க. இந்த வருசம் ஒலகம் பூரா ஊனமுற்றவங்க வருசம்னு ரேடியோவுல தெனமும் சொல்றாங்க இல்ல, அதுக்காவ இன்னிக்கி வில்லியனூரு கிரவுண்டுல பந்தயம் வச்சாங்க. கை இல்லாதவங்க, கால் இல்லாதவங்க, கண்ணு தெரியாதவங்க எல்லாருக்கும். நான் இத்த கூட்டிக்கினு உள்ள போறன், வாசல்ல மேச போட்டு ஒரு டீச்சரம்மா குந்திக்கினு இருக்குது. பாப்பாவுக்கு இன்னாங்கன்னுது. ஒண்ணும் இல்லங்கன்னன். வெக்கப்படாம சொல்லுங்க, எத்தினியோ பேரு புள்ளைய வூட்டுக்குள்ளயே பூட்டி வச்சிக்கினு இருக்காங்க, நீங்க தைரியமா கூட்டிக்கினு வந்திருக்கீங்கன்னு எனக்கு பாராட்டு வேற. வேடிக்க பாக்க வந்தம்மான்னு நான் சொல்லச் சொல்ல அந்தம்மா நம்பல. இத்த மேலயும் கீழயும் பாக்குது. முட்டிய தட்டிப் பாக்குது. காதாண்ட சொடக்கு போட்டுப் பாக்குது. பேரு இன்னா கண்ணுன்னுது. இது பயத்துல வாயே தொறக்கல, என் துண்டுக்குள்ள மூஞ்ச பொதச்சிக்கிச்சி. அவ்ளோதான். பாவம், பேச்சு வராத புள்ளன்னு முடிவு பண்ணி நெஞ்சுல நம்பர குத்திட்டாங்க.

உள்ள நொழஞ்சதும் கால் இல்லாதவரு ஒருத்தரு எதிர்ல வந்தாரு பாருங்க, இது போட்ட கத்துல அந்தம்மா மேசய வுட்டுட்டு ஓடியாந்துடுச்சி. ஏங்க, பேச்சு வருதேன்னுது. வரும்மா, நல்லாவே வரும்னன். அப்ப நம்பர குடுத்துடுங்கன்னா, இது குடுக்கமாட்டன்னு ரெண்டு கையால நெஞ்ச பொத்திக்கிச்சி. அந்தம்மாவும் தலையில அடிச்சிக்கினு போயிடுச்சி.

ஆமா சார், பயம்தான். கால் இல்லாதவங்கள பாத்தா இதுக்கு ஒடம்பே நடுங்கும். அந்த பயத்த எடுக்கத்தான் அங்க கூட்டிக்கினு போனதே. வேடிக்கயா இருக்குதா? எங்கூட்டுக்காரி அமுதமும் அப்டித்தான் சொன்னா. பேய் பாத்து பயந்த புள்ளைய சுடுகாட்டுக்கு கூட்டிக்கினு போற ஆளு நீன்னா.

பொறந்ததுலருந்துலாம் இல்ல, போன வருசத்துலருந்துதான். பாகூரு கடத்தெருவுல அப்துல் ஹலீம்னு ஒரு பாயி மளிகக் கட வச்சிருக்காரு. நீங்க பாகூருல இருக்கப்போறீங்க, சோப்பு சீப்பு வாங்க எப்டியும் அங்கதான் போவணும். எனக்கு சின்ன வயசுலருந்து சிநேகிதம். இதுவும் அவரும் அதுக்கு மேல. கடைக்கிப் போனா தூக்கி கல்லாவாண்ட குந்த வச்சிக்குவாரு. பட்டாணி பாட்டில்ல முழங்கை வரைக்கும் கைய வுட்டு அள்ளும். யாரு கொழந்தன்னு கேட்டா என் பார்ட்னருன்னுவாரு. போன வருசம் கடலூரு போயிட்டு வர்றப்ப லாரி மோதி ஒரு காலு போயிடுச்சி அவருக்கு. ஆஸ்பத்திரியிலருந்து வந்து கடையில குந்துன அன்னிக்கி, இது வழக்கம் போல பாயி மாமான்னு ஓடிச்சி. கைலிய மடிச்சி முடிச்சு போட்டு வச்சிருந்தாரு. அந்த முடிச்ச பாத்துட்டு அப்டியே நின்னுடுச்சி. அப்பறம் ஒரே அலறல். தெருவே கூடிப்போச்சி.

அன்னியிலருந்து அந்தத் தெருப்பக்கமே வராது. பாயி ஒரு நாளு இத்த நான் இழுத்துக்கினு வர்றத தூரத்துலயே பாத்துட்டு, கோணிய எடுத்து கால மூடிக்கினு, வா கண்ணு, இப்பதான் ஒண்ணும் தெரியலியேன்னு கூப்புடறாரு. கோணிக்கு அடியில இன்னா இல்லன்னு இதுக்குத்தான் தெரியுமே. இன்னும் சத்தமா அழுவுது. லாரி மோதுனப்ப கூட அழாத மனுசன் சார் அவரு. அன்னிக்கி பட்டாணி பாட்டில தொடைக்கற மாரி குனிஞ்சிக்கினு கண்ண தொடச்சிக்கினாரு. எனக்கு பாக்க சகிக்கல.

இதுங்கிட்ட இன்னாடி பயம்னு கேட்டா, வெட்டுன காலு எங்க போச்சின்னு கேக்குது. அது ராத்திரியில தன்னால வருமாம். ஒத்தக் காலு, தடக் தடக்குன்னு குதிச்சிக்கினு, அதோட ஆளு எங்க இருக்காருன்னு ஒவ்வொரு வூடா கதவ தட்டிப் பாக்குமாம். நம்ம வூட்டுக்கு வந்துச்சின்னா இன்னா பண்றது, தாழ்ப்பா போட்டியா, தாழ்ப்பா போட்டியான்னு அவுங்கம்மாவ தூங்க வுடாது. அமுதமும் வேப்பில அடிச்சிப் பாத்தா, மந்திரிச்சிப் பாத்தா. பாயே ஒரு தாயத்து ஓதி வாங்கி குடுத்தனுப்புனாரு. அவரு குடுத்ததுன்னு தெரிஞ்சதும் இது அத்தயும் அவுத்து போட்டுடுச்சி.

இன்னா சார்? வளந்தா தன்னால போயிடுமா? போயிடும், யாரு இல்லன்னா. வளர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்க நேரம் வேணுமில்ல. அத்த வுடுங்க, நான் பந்தயத்த சொல்றன்.

யோசன சொன்னதே பாயிதான். ரேடியோவுல கேட்டுட்டு சொல்லியனுப்பினாரு. ஒரு ஆளு ஒத்தக் கால்ல நின்னாத்தான்டா அதுக்கு பயம், கிரவுண்டு பூரா நின்னாங்கன்னா ரெண்டு காலு இருக்கறவனத்தான் அதிசயமா பாக்கும்னாரு. நீயும் வந்து ஓடு பாயின்னன். ரெண்டு காலு இருந்தப்பவே எனக்கு ஓட வராது, கடைய யாரு பாக்கறதுன்னுட்டாரு. சரின்னு நாங்க மட்டும் கெளம்பனம். தொணைக்கி எம்மச்சான் பலராமன் வந்தான், அமுதத்தோட அண்ணன். அவன்கூட எங்க ஊரு பெருமாள் தூக்கற செட்டு நாலஞ்சி பேரு. அவனுங்க சைக்கிள்ல வந்தானுங்க. நான் இப்ப சைக்கிளு மிதிக்கறதுல்ல, அதனால நானும் இதுவும் பஸ்ல.

மங்கலம் வந்துடுச்சா. சொன்னன் பாருங்க கூட்டம் ஏறும்னு. யம்மா, கூடைய அந்தப் பக்கம் வையி, கால்ல இடிக்காத. ஆங், அப்டி. நீங்க சொல்லுங்க சார். இல்ல, நான்தானே சொல்லிக்கினு இருந்தன்.

மொதப் பந்தயம் கண்ணு தெரியாதவங்களுக்கு. எப்டி ஓடுவாங்கன்னு நெனைக்கறீங்க? கோட்டுக்கு அந்தாண்ட ஒருத்தரு நின்னுக்கினு கை தட்டுவாரு. அந்த சத்தத்த வச்சிக்கினு நேரா ஓடியாரணும். நல்ல ஏற்பாடுதான். ஆனா நம்ம சனம் இருக்குதே. விசில் ஊதி அவுங்க ஓட ஆரம்பிச்சாங்களோ இல்லியோ, கிரவுண்ட சுத்தி நின்ன அத்தினி பேரும் ஒரே கைதட்டு. சந்தோசத்துல தட்றாங்க, யார குத்தம் சொல்றது. ஓடறவங்களுக்கு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல. ஒருத்தன் கெழக்கால ஓடறான், ஒருத்தன் மேற்கால ஓடறான். ஒருத்தரு நேரா வந்து மல்லாட்ட, உங்கூருல நெலக்கடல, அத்த விக்கற பொம்பளையாண்ட நின்னுக்கினு, நான்தானே மொதல்லன்னு கேக்கறாரு. அந்தப் பொம்பளையும் ஆமாப்பா நீதான்னு ஒரு கை மல்லாட்ட அள்ளி குடுக்குது. மைக்குல கத்தறாங்க, பொதுமக்கள் தயவு செஞ்சி கை தட்ட வேணாம், கை தட்ட வேணாம்னு. அத்த சொன்னதுக்கும் கை தட்றாங்க சார்.

இது துண்டுக்குள்ள இருந்துக்கினே, ஏம்ப்பா சிரிக்கறாங்கன்னுது. நீயே எட்டிப் பாருன்னன். ஒரு கண்ண மட்டும் வெளிய வுட்டுச்சி. கண்ணு தெரியாதவங்கன்னா இதுக்கு அம்மாம் பயம் இல்ல. கண்ணு தனியா நடந்து வராது பாருங்க.

அப்பறம் கையால மிதிக்கற மூணு சக்கர வண்டி ஓட்டம். அதுல ரெண்டு பொம்பளைங்க சக்கரத்தோட சக்கரம் மாட்டிக்கினு, நடு கிரவுண்டுலயே நின்னு ஒருத்திய ஒருத்தி திட்டிக்கினு இருந்தாளுங்க. கொழாயடிச் சண்ட தோத்துடும். இதுக்கு ரெண்டு கண்ணும் வெளிய வந்துடுச்சி. திட்டறவங்கள பாத்தா இதுக்கு பயம் இல்ல, வூட்டுல பழகுனதுதானே.

பின்னதான் ஒத்தக் கால் ஓட்டம். கக்கத்துல கட்டைய வச்சிக்கினு ஓடறது. வரிசையா வந்து நின்னாங்களா, இது மறுபடியும் துண்டுக்குள்ள பூந்துக்கிச்சி. என் இடுப்ப புடிச்சிக்கினு நடுங்குது. வூட்டுக்குப் போலாம்பான்னு அழுவுது. எனக்கே மனசு வுட்டுப்போச்சி. இன்னாத்துக்கு புள்ளைய இப்டி படுத்தறம்னு ஆயிடிச்சி. கெளம்பிடலாம்னுதான் நெனச்சன். விசில் ஊதிட்டான்.

அதுல இன்னாசிமுத்துன்னு ஒருத்தரு. வில்லியனூருலயே தையக்கட வச்சிருக்காராம், ஒத்தக் கால்லயே மிஷினு மிதிப்பாராம். சின்னதுல மாட்டுவண்டி சக்கரம் ஏறுன காலு. அந்தாளு ஓட்டத்த நீங்க பாத்திருக்கணும் சார். கட்டைய ஊனி ஒரு எகிறு எகிறனாருன்னா நாம மூணு எட்டு வைக்கணும். மத்தவங்கள்லாம் எங்கியோ பின்னால. கோட்டுக்கு இத்தூண்டு தூரம்தான் பாக்கி. அங்க ஒரு குழி. கட்ட குழிக்குள்ள எறங்கி, அந்தாளு குப்புற வுழுந்தாரு.

இப்ப உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க ஊருல பெருமாள் தூக்கிக்கினு போவறப்ப, தூக்கறவன் எவனாச்சும் கால் இடறி வுழுந்துட்டான்னா, அவன தரையில வுட்டுட்டு சாமி மேக்கொண்டு போவக்கூடாது. ஊருக்கு ஆவாதுன்னுவாங்க. அடுத்தவன் வந்து தோள் குடுத்துடுவான், வுழுந்தவன ரெண்டு பேரு அலாக்கா தூக்கிக்கினு சாமி கூடவே ஓடணும், கோயில் வாசல் வரைக்கும். எறக்கவே கூடாது. எங்க பசங்களுக்கு மீச மொளைக்கறதுக்கு மின்னாடியே அது ஒடம்புல ஊறிப்போயிடும். யோசிக்கறதுக்குள்ள கையி போயிடும்.

சொல்ல வெக்கமாத்தான் இருக்குது, மொதல்ல கத்துனதே நான்தான். டேய், வுழுந்துட்டாருடா, தூக்குங்கடான்னன். நான் சொல்லி முடிக்கல, பலராமனும் அவன் செட்டும் கயித்த தாண்டி குதிச்சிட்டானுங்க. இன்னாசிமுத்த அப்டியே தோளுக்கு ஏத்திக்கினு கோவிந்தா கோவிந்தான்னு ஓட்டம். அந்தாளு மேல இருந்துக்கினு, எறக்குங்கடா எறக்குங்கடான்னு பலராமன் மண்டையிலயே போடறாரு, கொட்டடிக்கற மாரி. அதுக்கப்பறம் அவரு பேசுன பேச்சு பேங்கு ஆளுகிட்ட சொல்ற மாரி இல்ல. கழுத்துல ஜெபமால போட்டுக்கினு அந்த வார்த்த பேசறாரு. இவனுங்களுக்கு அது காதுல ஏறல. பாவம், கூச்சப்படறாருன்னு நெனச்சிக்கினு இன்னும் வேகமா ஓடறானுங்க. கோட்ட தாண்டி, கொடி நட்டு வச்சிருந்த கம்பத்த ஒரு சுத்து சுத்தி, அப்பறம்தான் எறக்குனானுங்க. பலராமன் துண்ட எடுத்து மூஞ்ச தொடச்சிக்கினு, எப்டின்னு என்ன பாத்து கேக்கறான்.

விசில் வச்சிருந்தவரு ஓடியாந்து, தூக்கிக்கினு வந்தா செல்லாது, நீ ஆட்டத்துல இல்லன்னுட்டாரு. இன்னாசிமுத்து அந்தக் கோட்டு மேலயே சப்பணம் போட்டு குந்திட்டாரு. சப்பணம்னா, இருக்கற கால மடிச்சிப் போட்டுக்கினுதான். நான் கேட்டனா சார் தூக்க சொல்லி, வுழுந்தவனுக்கு ஏஞ்சிக்க தெரியாதா, முப்பது வருசமா நான் வுழாத நாளா, இவனுங்களா வந்து என்ன தூக்கிவுட்டானுங்கன்னு கத்தறாரு. பலராமன் கைய பெசஞ்சிக்கினு நிக்கறான். மன்னிச்சிக்கண்ணேன்னு கால தொடப் போனான். எந்தக் காலடா தொடப்போறன்னு அதுக்கும் ஒரு திட்டு.

அப்பதான் சார், என் பின்னாலருந்து கெக்கபிக்கேன்னு ஒரு சிரிப்பு. இதுதான். மாமனுக்கு மண்டையில அடி வுழுந்துச்சில்ல, அத்த பாத்து சிரிப்பு தாங்கல இதுக்கு. துண்டு கீழ போச்சி. அந்தாளு கட்ட குழியாண்டயே கெடந்துச்சி, யாரும் கவனிக்கல. இது கயித்துக்கு அடியில பூந்து ஓடுது. ஆண்டா, ஆண்டான்னு கூப்புடறன். என்னால ஓடிப்போயி புடிக்க முடியல. போயி கட்டைய தூக்குது. கட்ட இது ஒசரத்துக்கு இருக்குது. இழுத்துக்கினே போயி அவரு எதிர்ல நின்னுச்சி. ஒரு அடி தள்ளி. கிட்ட போவல.

அவரு இன்னும் கோவத்துலதான் இருந்தாரு. தரையில இழுக்காத பாப்பா, கக்கத்து துணி அழுக்காவும்னாரு. இது கட்டைய நிமித்தி புடிச்சிக்கினு அந்த மடிச்ச வேட்டியவே பாக்குது. கத்தப்போவுது, கத்தப்போவுதுன்னு பாக்கறன். இது கேக்குது, உங்க காலு எங்க இருக்குதுன்னு.

அந்தாளு இத்த ஒரு பார்வ பாத்தாரு. எங்க வூட்டுக் கொல்லையில பொதச்சி வச்சிருக்குது, முருங்க மரத்தாண்டன்னாரு. எழுந்து வராதான்னு கேக்குது. அது எதுக்கு வரணும், நல்லா தூங்குது, மிஷினு மிதிக்கற வேல இல்ல, வெயில்ல ஓடற வேல இல்ல, கூப்புட்டா கூட வராதுன்னாரு. இது வுடல. ராத்திரியில உங்கள தேடிக்கினு வந்துச்சின்னான்னுது. அதுக்கு அந்தாளு சொன்னாரு சார், கட்டையோட சேத்து எனக்கு ரெண்டு, அதுக்கு ஒண்ணு, அது எப்டி என்ன புடிக்கும், நான் ஓடுனத நீ பாத்த இல்ல?

இது யோசிக்குது. புருவத்த சுருக்கிக்கினு கணக்கு போடுது. அப்பறம் ஆமான்னு தலைய ஆட்டுச்சி. கட்டைய அவரு கையில குடுத்துட்டு, அவரு ஏஞ்சிக்க தோள குடுத்துச்சி சார். அவரு கையி இது தோள் மேல. எனக்கு சிரிப்பும் வருது, கண்ணுல தண்ணியும் கொட்டுது. இத்தினி மாசமா தாயத்து, வேப்பில, எதுவும் ஆவல. பக்கத்துல நின்ன ஆளு ஏங்க அழுவறீங்க, உங்க ஆளா அவருன்னு கேக்கறாரு. ஆமாங்கன்னன்.

ஓட்டமா? திரும்பவும் ஓடனாரு. வுட மாட்டன்னுட்டாரே. விசில்காரரு தாங்க முடியாம, சரி தனியா ஓடிட்டுப் போய்யான்னாரு. பலராமன் செட்ட வரிசையா நிக்க வச்சி துண்டால கைய கட்டிக்க சொன்னாரு இன்னாசிமுத்து. இது அவனுங்க எதிர்ல ரெண்டு கையயும் விரிச்சிக்கினு காவலு. மாமா, நகந்தின்னா பாருன்னுது. அவரும் ஓடனாரு. அந்தக் குழி வந்தப்ப லேசா தடுமாறனாரு. பலராமன் கையி துண்டுக்குள்ள துடிக்குது. ஆனா வுழல, கோட்ட தாண்டிட்டாரு. தனியா ஓடுனதுக்கு மெடலு கெடயாதுன்னுட்டாங்க. உங்க மெடல நீங்களே மாட்டிக்கங்கன்னு சொல்லிட்டு, சாயங்காலத்துக்குள்ள ஒரு கல்யாண ரவிக்க முடிக்கணும்னு கட்டைய ஊனிக்கினு கடைக்கி போயிட்டாரு.

வர்ற வழியெல்லாம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இது ஓயல. நாளைக்கி பாயி மாமா கடைக்கி போவணுமாம். அவரு கால எங்க பொதச்சாங்கன்னு கேக்கணுமாம். கேக்கலாம், ஆனா மொதல்ல பட்டாணி அள்ளு, அப்பறம் கேளுன்னு சொல்லி வச்சிருக்கறன். நாளைக்கி அந்த மனுசன் மூஞ்ச பாக்கணும் நான். நீங்களும் கடப்பக்கம் வந்தா பாருங்க.

கரிக்கலாம்பாக்கம் தாண்டிடுச்சா? பேசிக்கினே கவனிக்கல. இனிமே நம்ம ஸ்டாப்பிங்குதான்.

இன்னா சார், சுத்திச் சுத்தி அங்கயே வர்றீங்க. கணக்கு பாக்கற ஆளாச்சே, வுட மாட்டீங்க. பாயி கடைக்கி போவாட்டி போவுது, அதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் அவசரம்னுதானே? சொல்றன். மின்ன புள்ளைய செத்த வாங்கிக்கங்க. அப்டித்தான், தல சாயாம. நான் கம்பிய புடிச்சிக்கினு ஏஞ்சிக்கறன். இந்தக் கால ஒடனே ஊன முடியாது, கொஞ்சம் பழக்கணும். இல்ல இல்ல, நீங்க குந்துங்க. தை மாசத்துல கரும்பு வெட்டறப்ப அடிக்கட்ட பாதத்துல குத்திச்சி. சின்ன ஓட்டதான், மஞ்ச வச்சி கட்டிக்கினு வேலைய பாத்தன். ஒடம்புல சக்கர வியாதி இருக்குதுன்னு எனக்கு எங்க தெரியும். வெரலு கறுத்துச்சி, அப்பறம் பாதம். வர்ற வியாழக்கெழம எடுக்கறாங்க சார். முட்டிக்கிக் கீழதான். முட்டி தப்பிச்சிது, நல்ல வேளன்னாரு டாக்டரு.

அவரு போன வாரமே வான்னாரு. பந்தயம் முடிஞ்சி வர்றன்னுட்டன். அமுதத்துக்கும் பலராமனுக்கும் தெரியும், பாயிக்கி தெரியும். இதுக்குத்தான் சொல்லல. காலு போவறது கூட பரவால்ல சார், கெடக்குது, ஆளு வச்சி பயிர் பாத்துக்கலாம். ஆஸ்பத்திரியிலருந்து வந்து வாசல்ல நிக்கிறன், இது என்ன பாத்து அலறிக்கினு ஓடுதுன்னு வச்சிக்கங்க. அப்பறம் நான் எங்க போவன். பாயி பக்கத்துக் கட ஆளு. நான் அப்பன் இல்லியா. இத்த மடியில போட்டு தூங்க வைக்கணுமே.

இன்னா சார்? கண்ண தொறந்துக்கினு இருக்குதா? எப்பலருந்து?

ஆண்டா. ஏய். தூங்கலியா நீ. அப்பா பேசுனதெல்லாம் கேட்டுக்கினா இருந்த. இங்க பாரும்மா, அப்பாவ பாரு. இன்னா? பஸ்ஸு சத்தத்துல கேக்கல, கொஞ்சம் சத்தமா சொல்லு.

கேட்டீங்களா சார், இன்னா சொல்லுதுன்னு. நம்ம கரும்புக் கொல்லையிலயே பொதச்சிடலாமாம். கெணத்தாண்டயாம். அங்கன்னா இது தெனமும் போயி தூங்குதான்னு பாத்துட்டு வருமாம்.

சரிம்மா. அங்கியே பொதச்சிடலாம். நீ சொல்ற எடத்துலயே.

கத்தல சார். பாத்தீங்களா, கத்தவே இல்ல.

கண்டக்டரு, செலியமேடு, செத்த நிறுத்திக்கங்க, நான் மெதுவாத்தான் எறங்குவன். அந்த துண்ட எடுங்க சார், கீழ வுழுந்துட்டுது. வர்றன். ஆண்டா, நீ மின்ன எறங்கி ஓரமா நில்லு. அப்பா வர்றன்.